பென்னி டட்டில் தூரத்திலிருந்து எறியவில்லை

எங்கள் பக்கத்தில் சில்லிக் கறிக்குழம்பில் மக்ரோனி போடுவோம். நீங்கள் டெக்சாஸ்காரர் என்று பேச்சிலேயே தெரிகிறது, டெபுடி ஷெரிஃப் மேடம். அங்கே பீன்ஸ் போட்டாலே சண்டைக்கு வருவார்களாம். இங்கே இந்தியானாவில் யாரும் அதையெல்லாம் பெரிதுபடுத்துவதில்லை. குளிர் தொடங்கியதும் பெரிய பாத்திரத்தில் வைத்து, யாரையாவது சாப்பிடக் கூப்பிடுவோம். நான் என் நண்பன் டார்சி ஹப்ளரைக் கூப்பிடுவேன். கூப்பிட எனக்கு வேறு ஆள் இல்லை. அன்று மக்ரோனி கொஞ்சம் குழைந்துவிட்டது. நடந்த எல்லாவற்றிலும் என் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ளக்கூடியது முதலில் அதுதான்.

எங்கள் லீக்கைப் பற்றி உங்களுக்கு அதில் ஆடுகிற லூவான் சொல்லியிருப்பாள். அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள், அதனால் நான் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். அது கணினிக்குள் நடக்கும் கூடைப்பந்து. ஆட்டக்காரர்கள் யாரும் நிஜத்தில் இல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் நாங்கள் ஆளுக்கு ஒரு புதுமுகத்தை உண்டாக்குவோம். பெயர், உயரம், பிறந்த ஊர், குணம் எல்லாம் நாங்கள் வைப்பதுதான். வாராவாரம் கொஞ்சம் பயிற்சிப் புள்ளிகள் கிடைக்கும். அதைத் தூர எறியில் போடலாம், தடுப்பாட்டத்தில் போடலாம், மீள்பந்தில், அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதில் போடலாம். ஞாயிறு மாலைக்குள் போட்டுவிட வேண்டும். தினமும் மாலைச் சாப்பாடு முடிந்ததும் நான் பொத்தானை அழுத்துவேன். ஆட்டங்கள் ஓடி முடியும். முடிவை எல்லோரும் பார்க்கும்படி பதிவேன்.

பொத்தானை ஒரே ஒரு தடவைதான் அழுத்த வேண்டும். எங்களிடம் வேறு சட்டங்கள் நிறைய உண்டு, அவற்றை மீறினால் திட்டுவார்கள். இதை மீறினால் திட்டக்கூட மாட்டார்கள். எனக்கு முன்னால் ஒஹையோக்காரர் ஒருவர் லீக்கை நடத்தினார். தனக்குச் சாதகமாக வரும்வரை ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார். தெரிந்த அன்றே அவர் பெயரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டோம். எடுத்தவன் நான்தான். அந்த வருஷம் அவர் எனக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தை நான் பிரிக்கவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எதற்குப் பயந்தேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். கோபத்தில் செய்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். டார்சி மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

என் புதுமுகத்தின் பெயர் டோபி குவில். மெலிந்த பையன், இடது கைக்காரன். என் புதுமுகங்கள் எந்தப் பருவத்திலும் பருவத் தொடக்கத்தைத் தாண்டியதில்லை. முதல் சில வாரங்களிலேயே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான். அது பெரிய ஆசையா?

அன்று டார்சி என் சமையலறையில் சில்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பொத்தானை அழுத்தினேன். முடிவைப் பார்த்ததும் வாய் தவறிச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"நாலே நாலு பாயின்ட்டா?"

டார்சிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "டேய் வெர்லு, உன் பையன் பந்தத் தொடுறதுக்கு முன்னாடி அதுகிட்ட பர்மிஷன் கேக்குறான்டா."

"உன் புதுமுகம் பென்னி மட்டும் என்னவாம்?"

"பென்னி பன்னண்டு தடவ தூரத்துலேர்ந்து எறிஞ்சிருப்பான். பன்னண்டும் வெளிய போயிருக்கும். ஆனா பாக்க எவ்ளோ அழகா இருந்துருக்கும், சொல்லு."

டார்சியின் விளையாட்டு அது. அவன் எப்போதும் ஏழடி உயரத்தில் ஒரு மலையை உண்டாக்குவான். அப்படிப்பட்டவனை வளையத்துக்குக் கீழே நிறுத்தி மீள்பந்து பிடிக்க வைப்பதுதான் புத்தி. டார்சி மட்டும் தன் புள்ளிகள் அத்தனையையும் தூர எறியில் கொட்டுவான். பென்னி டட்டில் அப்படித்தான் பருவம் தொடங்கியதிலிருந்து எறிந்து எறிந்து தவறவிட்டுக்கொண்டிருந்தான். லீக் முழுக்க அதைப் பார்த்துச் சிரிக்கும். இத்தனை வருஷமாக நான் அவனிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கேட்டதே இல்லை.

அவன் கிளம்பிப் போன பிறகு நான் மறுபடி பொத்தானை அழுத்தினேன். இன்னும் சில தடவை அழுத்தினேன். டோபிக்கு இருபத்தாறு பாயின்ட் வந்தது. அதைப் பதிந்தேன்.

மறுநாள் மதியம் அவன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். எப்போதும் கூடவே வரும் தன் நாயைக்கூடக் கூட்டி வரவில்லை.

"நேத்து நாலு பாயின்ட்னு நீயே சொன்னியே வெர்லு. இப்ப இருபத்தாறுன்னு போட்டுருக்கு."

நான் கணினித் திரையை அணைத்தேன்.

"இது ஒண்ணுதானா? இல்ல முன்னாடியும் பண்ணிருக்கியா?"

"எல்லா ஆட்டத்துலயும் இல்ல" என்றேன். அது உண்மை.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடுடா. நீ சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். லூவான் ரெண்டு நாள் வெச்சு செய்வா, அப்புறம் விட்டுடுவா. நான் பேசுறேன் அவகிட்ட."

விட்டுவிடுவார்கள் என்று அவன் உண்மையாகவே நம்பினான். அவனுக்கு எல்லா இடத்திலும் மனிதர்கள் இருந்தார்கள். எனக்கு அந்த லீக்கில் மட்டும்தான். என் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் அதற்குள்தான் இருந்தார்கள்.

எழுந்தவன், "என் ஹீட்டர் உன் புயலறைலதான கெடக்கு? எடுத்துட்டுப் போறேன், வீடு ஐஸா இருக்கு" என்றான்.

புயலறை என்பது சூறாவளி வந்தால் ஒளிந்துகொள்ள நிலத்துக்குள் கட்டியது. என் சமையலறைச் சுவரை ஒட்டி இறங்கும். கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ரக்கூன் மாதிரிப் பிராணிகள் திறந்துவிடுகின்றன என்று வெளியிலும் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தேன். அவன் படியிறங்கிப் போனான். காற்று பலமாக இருந்ததால் நான் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் யோசிக்க நேரம் வேண்டும் போலிருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

அவன் போன் வண்டியிலேயே இருந்தது. பனி விழும் என்றார்கள், அதனால் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டேன். அவன் வீட்டுக்குப் போய்க் கர்னலைக் கூட்டி வந்தேன். கர்னல் அவன் நாய். ஒரு வேளை தவறாமல் அதற்குச் சோறு வைத்தேன். நீங்களே பார்த்தீர்களே, எப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறது. புயலறையில் என் பீச் பழப் புட்டிகளும் பீட்ரூட் ஊறுகாயும் வரிசையாக இருந்தன. அவனைப் பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஹீட்டரில் எண்ணெய் இல்லை என்பது எனக்குத் தெரியும்தான். ஆனால் ஹீட்டர் அவனுடையது.

முதலில் திட்டினான். பிறகு வேடிக்கையாகப் பேசிப் பார்த்தான். "சரிடா, நீ ஜெயிச்ச, இருபத்தாறு பாயின்ட்தான், நானே பாத்தேன், போதுமா?" என்றான். பிறகு கதவைத் தட்ட ஆரம்பித்தான். நான் கணினி முன் உட்கார்ந்தால் சுவர் வழியாகக் கேட்கும். ஒரே சீராக, யாரோ காலி மைதானத்தில் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போவது போல. கர்னல் கதவை ஒட்டியே படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கும். அதன் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்துவிடலாம் என்று பல தடவை எழுந்தேன். திறந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவன் என்ன சொல்வான் என்று நினைத்தாலே பயமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட அதிகமாகப் பயந்தேன். நாள் ஆக ஆக அவன் சொல்ல நிறைய சேர்ந்துகொண்டே போனது.

ஆனால் ஒன்று. அவன் உள்ளே போனதிலிருந்து நான் பொத்தானை ஒரே தடவைதான் அழுத்தினேன். தினமும். அவன் கேட்டது அதைத்தானே?

ஞாயிறு வந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேர் தனியாக இருப்பவர்கள். அதனால் யாராவது ஒரு ஞாயிறு பயிற்சிப் புள்ளியைப் போடத் தவறினால் மற்றவர்கள் உடனே வீட்டுக்குப் போன் செய்வது எங்கள் வழக்கம். டார்சி தவறினால் லூவான் கென்டக்கியிலிருந்து போன் போடுவாள். எடுக்கவில்லை என்றால் காரை எடுத்துக்கொண்டு வந்தே விடுவாள். அவன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். நாயின் பெயர்தான். படியிறங்கிக் கதவருகே நின்றேன்.

"டார்சி, பென்னிக்கு இந்த வாரப் புள்ளிய எதுல போடட்டும்?"

தட்டுவது நின்றது. நான் பயந்துபோனேன். பிறகு அவன் குரல் கதவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது, மிகவும் நிதானமாக.

"மீள்பந்துல."

"என்னது?"

"எல்லாத்தையும் மீள்பந்துல போடுடா வெர்லு. தூர எறில ஒண்ணுகூட வேணாம். நீ சொன்னதுதான் சரி."

அங்கே படியில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் கழித்து அவன் ஒத்துக்கொண்டான். நான் அவன் சொன்னபடியே போட்டேன்.

பென்னி டட்டில் அந்த வாரம் வேறு ஆளாகிவிட்டான். வளையத்துக்குக் கீழே நின்றுகொண்டு வந்த பந்தையெல்லாம் வாரினான். தூரத்திலிருந்து ஒன்றைக்கூட எறியவில்லை. அந்தப் பருவத்துப் புதுமுகங்களில் அவனைப்போல யாரும் இல்லை. டோபிக்கு மூன்று, ஐந்து, மறுபடி மூன்று. நேர்மையாக ஓட்டினால் அவன் அவ்வளவுதான். தினமும் சாப்பிட்டதும் படியிறங்கிப் போய்ப் பென்னியின் கணக்கைக் கதவு வழியாக டார்சிக்குப் படித்துக் காட்டினேன்.

லூவான் டார்சிக்கு எல்லோரும் பார்க்கும்படி எழுதினாள். "யோவ் கிழவா, உனக்குப் புத்தி வந்துடுச்சா, இல்ல மண்டைல எங்கயாச்சும் அடிபட்டுச்சா?"

நான் டார்சியின் பெயரில் பதில் எழுதினேன். "வயசாயிடுச்சு லூவான். ஒரு தடவையாச்சும் ஜெயிச்சுப் பாக்கணும்."

அதற்கு அவள் எதுவும் எழுதவில்லை. எதற்கும் பதில் சொல்லாமல் விடுகிறவள் இல்லை அவள்.

அடுத்த ஞாயிறு மறுபடி கேட்டேன். அவன் குரல் தேய்ந்திருந்தது. பல் கிடுகிடுப்பதால் வார்த்தைகள் உடைந்து வந்தன.

"லூவான்... ஏதாச்சும் சொன்னாளா?"

"மண்டைல அடிபட்டுச்சான்னு கேக்குறா."

அவன் சிரித்தான். இருமல் மாதிரியும் இருந்தது. "நல்லது. அதையே போடு. மீள்பந்துலயே போடு. நெறையப் போடு."

அவ்வளவு ஆர்வம். நான் போட்டேன்.

மூன்று நாள் கழித்து லூவான் எனக்குப் போன் செய்தாள்.

"வெர்லின், டார்சி எங்க?"

"சளி. வீட்ல படுத்துருக்கான்."

"போன எடுக்க மாட்டேங்குறானே."

"தொண்ட கட்டிடுச்சு, பேச முடியல."

"ஓ." வாசலில் கர்னல் குரைத்தது. "அவன் வீட்ல படுத்துருக்கான்னா, அங்க கொலைக்கிறது கர்னல்தானே? உன் வீட்ல என்ன பண்ணுது?"

பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். அடுத்து அவள் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அன்று பனியில் சாலை மூடிக்கிடந்தது. நீங்கள் வந்தது மறுநாள் காலையில்.

லூவான் போனை வைத்தபோது அவன் உயிரோடு இருந்தானா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியாது என்று முதலில் சொன்னேன். இருந்தான். சுவரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முன்போல இல்லை, ஒன்று தட்டினால் அடுத்ததற்கு நேரமாகும். இனி யாராவது வருவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாழ்ப்பாளில் கை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. உள்ளேயிருந்து "வெர்லு" என்றான். அப்போது திறந்திருந்தால் நீங்கள் வரும்போது அவன் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பான். நான் கையை எடுத்துவிட்டேன். அன்றைய ஆட்டத்தைப் படித்துக் காட்டினேன். பென்னிக்குப் பத்தொன்பது மீள்பந்து. பருவத்திலேயே அதுதான் அதிகம். கேட்கிறதா டார்சி என்றேன். இன்னொரு தடவை படித்தேன். பிறகு சமையலறைக்கு வந்து, சுவரில் சத்தம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். நின்றபோது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்குப் பயம் போய்விட்டது.

இப்போது மறுபடி வந்திருக்கிறது. இந்த அறைச் சுவரிலும் ஏதோ கேட்கிறது. குழாய் என்கிறீர்கள். இருக்கலாம்.

அவன் லூவானுக்குச் சைகை காட்டத்தான் மீள்பந்தில் போடச் சொன்னான் என்கிறீர்கள். பென்னி தூரத்திலிருந்து எறியவில்லை என்றால் அங்கே இருப்பது டார்சி இல்லை என்று அவளுக்குத் தெரியும், அந்த நம்பிக்கையில்தான் அந்தக் குளிரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்கிறீர்கள். நீங்கள் நேற்று வந்தவர். எனக்கு அவனை எத்தனை வருஷமாகத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் குரலைக் கேட்டவன் நான்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறது. லீக்கை இனி லூவான்தான் நடத்துவாள். பென்னியின் புள்ளிகளை அவள் பழைய ஞாபகத்தில் தூர எறியில் போட்டுவிடப் போகிறாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். மீள்பந்தில் போடச் சொல்லுங்கள். அது டார்சியின் கடைசி ஆசை, அதை அவன் என்னிடம்தான் சொன்னான்.