தென்கரைக் காவல்

— இன்னொரு அடி போட்டா ஆளு முடிஞ்சிரும் அண்ணே! மம்பட்டியக் கீழ போடுங்க.

— முடியட்டுமே. கரைய வெட்ட வந்தவனுக்கு என்ன மரியாதை வேண்டிக் கெடக்கு? நீ தள்ளு கலைமகளே.

— தொடை பொளந்து தொங்குது. மார்மட்டும் ஆத்துத் தண்ணியில, கரையில முதுகு சாஞ்சு கெடக்கான். மொதல்ல யாருன்னு பாப்போம், மூஞ்சியில சேத்தைத் தொடைங்க.

— யாரா இருந்தா என்ன, வடகரைக்காரன். ஆறு முட்ட வெள்ளம் போவுது. அவனுவ ஊரு பொழைக்கணும்னா நம்ம தென்கரை உடையணும். அன்னிக்கு நம்ம கரை ஒடைஞ்சப்பவும் இப்படித்தான, ஒத்த ஆளு, ஒத்த மம்பட்டி. ஒல கொதிக்கிறதுக்குள்ள நம்ம வயக்காட்டு மண்ணெல்லாம் அறுத்துக்கிட்டுப் போயி, வெறும் ஆத்துமணலு.

— அக்கா...

— அய்யோ அண்ணே, இது நம்ம சூர்யபிரகாஷ்!

— எது, வீராசாமி மவனா? அப்பன் வெட்டுன அதே எடத்துல மவன் வந்து நிக்கிறானா? நல்லா இருக்குடா ஒங்க குலத்தொழிலு!

— வாய மூடுங்க. அப்பன் பண்ணுன பாவத்துக்குத்தான இவன் டிராக்டரக் கொண்டாந்தான்? ஊரே கூடி மணல வழிச்சுக் கொட்டி, கொளத்து வண்டல் அடிச்சு, தழையொரத்துக்குத் தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுது... அதுல இவன் வண்டி ஓடாத வருசம் உண்டா? இந்தச் சம்பாவுலதான் பயிரு தூர் கட்டி நிக்கிது.

— குடுத்தவனே புடுங்க வந்துட்டான், பாத்துக்க. என் கண்ணால பாத்தேன் கலை. கரை அரிக்காம இருக்க நீ நட்ட வெட்டிவேரப் புடுங்கி வீசிட்டு, குனிஞ்சு கரைய நோண்டுறான்.

— யாருன்னு ஒரு சத்தம் குடுத்தீங்களா?

— கரைக்காவல்ல சத்தம் குடுக்கிற வழக்கம் உண்டா? எதிர்க்கரைக்காரன் மம்பட்டியோட ஏறுனா அடி, அப்புறந்தான் பேச்சு. முந்தாநாத்து ஊர்க்கூட்டத்துல நீயுந்தான கையத் தூக்குன?

— தூக்குனேன்.

— அப்புறம் என்ன, இப்ப வந்து நியாயம் பேசுற?

— அக்கா... கூப்புட்டேன்... மழையில கேக்கல... நண்டு...

— நண்டு புடிக்க வந்தாராம் தொரை! வெள்ளத்துல! கொழம்பு வைக்க மொளகா அரைக்கவாடா?

— எத்தாதீங்கண்ணே! மண்டையில வேற அடி... இருங்க. நம்ம வயப்பக்கம் நண்டு வளையில ஊத்து அடிக்கிதுன்னு காலையில சொன்னேனே, போயிப் பாத்தீங்களா?

— பாத்தேன். மடையத் தொறந்த மாதிரி பொங்குச்சு. மணல்மூட்டை கொண்டாங்கடான்னு சொல்ல ஓடுனேன். திரும்பி வந்தா இவன். அதான் வெறி ஏறிப்போச்சு.

— இப்ப ஊத்தக் காணும்.

— மழை விட்டிருக்கும்.

— எங்க விட்டுச்சு? உங்க தலையில ஊத்துறது என்ன?

— அட சும்மா கெட. இவன இழுத்து வேப்பமரத்துல கட்டுவோம், ஊரு வந்து வெட்டட்டும் இல்ல வாழவைக்கட்டும். எந்திரிடா! வா மேல!

— வேணாம் அண்ணே... இழுக்காதீங்க... ஆ...

— ஏ கலை, என்னா சத்தம் அது?

— வயல்ல! ஊத்து பீச்சுது, சேத்தோட பீச்சுது! விடுங்க அவன, பழையபடி கீழ விடுங்க!

— விட்டுட்டேன், விட்டுட்டேன்.

— நின்னுருச்சு.

— என்னடி நின்னுருச்சு?

— ஊத்து. அவன் கரைய வெட்டல அண்ணே. ஆத்துப்பக்கம் வெட்டிவேரப் புடுங்கி, அந்த நண்டு வளையோட வாயத் தோண்டி அடைச்சிருக்கான். கையில பாருங்க, வைக்கோலு, களிமண்ணு. நீங்க அடிச்சதுல அவன் முதுகே போயி அடைச்சிருக்கு.

— டேய் சூர்யா... அய்யய்யோ, நான் என்ன பண்ணிட்டேன்... ரத்தம் நிக்கலையே. புடி கலை, ஆளுக்கொரு பக்கம். தோள்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிருவோம்.

— மூட்டை எங்க வருது?

— இன்னும் மதகடியே தாண்டல. அதுக்குள்ள இவன் உசிரு போயிரும். புடிடீ!

— அக்கா... குளுருது...

— தெரியுதுப்பா. அண்ணே, தூக்காதீங்க. மூட்டை வர்ற வரைக்கும் அவன் தோளக் கரையோட அமுக்கிப் புடிங்க.