அன்னா என்று ஒரு பெயர்

1997-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஒரு சனிக்கிழமையின் கீழ் இப்படி எழுதியிருக்கிறேன்: "விவேக் நகர் பஸ். பெயர்ச் சண்டை. நாளை ஞானஸ்நானம்." பெங்களூரில், பஸ்ஸின் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அன்னாவா? ஸ்கூல்ல கன்னடப் பிள்ளைங்க 'அன்ன சாரு, அன்ன சாரு'ன்னு பின்னாடியே வரும். எம்பொண்ணு இன்னா, சோறும் ரசமுமா?" என்றாள் அவள்.

"ஹீப்ருல அதுக்கு அருள்னு அர்த்தம். மாதாவோட அம்மா பேரு."

"நம்ம வீட்ல யாருங்க ஹீப்ரு பேசறது? தெருவுல கூப்ட்டா நாலு அண்ணனுங்க திரும்பிப் பாப்பானுங்க."

"அன்னம்மாள்னு சொன்னேன், கிழவி பேருன்னு சொன்ன. சுருக்கினா அதுக்கும் சண்டை. பேக்கரில கேக் மேல வேற எழுதச் சொல்லிட்டேன்."

"எழுதிக்குங்க. நாளைக்குக் கோயில்ல பிள்ளைய ஏந்தப்போற ஞானத்தாய் எங்க அக்கா. ஃபாதர் பேரு கேட்டா அவங்கதான் பதில் சொல்லணும்."



"உங்க அக்கா என்னதான் சொல்லப்போறாங்களாம்?"

"அவங்களையே கேளுங்க. நம்ம கல்யாணத்துல மூஞ்சத் தூக்கினவரு நீங்க, இன்னிவரைக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல."

கணவன் நிறுத்தம் வந்ததும் குழந்தையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான்.

"எத்தனாவது கிராஸ் தெருல உங்க அக்கா வீடு?" என்று கேட்டபடியே இறங்கினான்.

ஹீப்ருவில் அந்தப் பொருள் உண்டு என்பதை அன்று மாலையே அகராதியில் பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்ன பெயர் சொல்லப்பட்டது என்பதை இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.