பாடி எர்த்

மலைமேல் செம்மேட்டில் என் கடைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்குமேல் எர்த் கோளாறுதான். ஹெட்லைட் மங்குகிறது, ஹாரன் கம்முகிறது, இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடுகிறது என்று வந்து நிற்பார்கள். நான் ஒயரைத் தேடிக்கொண்டு போக மாட்டேன். முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப முடுக்குவேன். முக்கால்வாசி வண்டி அதிலேயே சரியாகிவிடும். இருபத்தோரு வருஷமாக இந்த வேலை. ஆட்டோ எலக்ட்ரீசியன் இளங்கோ என்று பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் கடையைக் கை காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள் இன்ஸ்பெக்டர் சார். முதல் என்று யோசித்தால் இதுதான் வருகிறது.

பேட்டரியிலிருந்து கரண்ட் போக ஒரு ஒயர் வேண்டும், திரும்பி வர ஒரு வழி வேண்டும். திரும்பும் வழிக்குத் தனி ஒயர் போடாமல் வண்டியின் இரும்பையே வழியாக வைத்துக்கொள்வதுதான் பாடி எர்த். மலையில் டிராக்டர் டிரெய்லர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கொக்கியை மாட்டினால் போதும், அந்த இரும்பு வழியாகவே டிரெய்லர் லைட் எரியும். ஒயரும் மிச்சம், வேலையும் மிச்சம். நான் அப்படிச் செய்து கொடுத்த டிரெய்லர்கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. லைட்டுக்கு அது போதும்.

இறந்துபோன சின்னராசு என் அக்கா அம்சவேணியின் வீட்டுக்காரர். மலையிலேயே ஆலத்தூர் நாட்டுப் பக்கம் மிளகும் மரவள்ளியும் வைத்திருந்தார். சொந்தமாக ஒரு பிக்கப். போன வருஷம் தை மாதம் பெங்களூரில் மூடிப்போன ஒரு கம்பெனியின் ஏலத்தில் டிரெய்லர் ஒன்றை எடுத்து வந்தார். அதன் சக்கரங்களுக்குள்ளேயே கரண்ட் பிரேக் இருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தால் டிரெய்லரும் சேர்ந்து பிரேக் பிடிக்கும். ஆனால் பிக்கப்பில் அதற்கான ஒயரிங் இல்லை. டிரெய்லர் லைட்டுக்கான நாலு ஒயர்தான் இருந்தது. பிரேக்குக்கு டேஷ்போர்டுக்குக் கீழே கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, பின்னால் ஏழு பின் சாக்கெட் மாட்ட வேண்டும்.

"எறக்கத்துல எழுவது வளைவு மாப்ள. பின்னாடி ஒரு டன்னு தள்ளிக்கிட்டே வந்தா வண்டி பிரேக்கு எத்தன நேரந் தாங்கும்? டிரெய்லரும் சேந்து புடிச்சாத்தான் நான் முழு லோடு ஏத்துவேன். இல்லாட்டி பாதிதான்" என்றார்.

"செஞ்சுரலாங்க மச்சான்" என்றேன். அதுவரை நான் கரண்ட் பிரேக்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். என் கடை வாசலில் நின்றுகொண்டு, என்னிடமே கேட்கும்போது, தெரியாது என்ற வார்த்தை எனக்கு வரவில்லை.

சாமான்களை அடிவாரத்தில் அப்சர் கடையில் வாங்கினோம். அவன் துபாயில் ஒரு டிரெய்லர் யார்டில் வேலை பார்த்துவிட்டு வந்து கடை போட்டவன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். பெட்டியும் ஒயரும் வந்து சேர்ந்த அன்று மச்சான் அவனைப் போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் வந்து நின்றார்கள்.

"எளங்கோ அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான். பாடி எர்த் குடுத்துறாதீங்க" என்றான் அப்சர். "லைட்டுக்குச் சரி, பிரேக்குக்குப் பத்தாது. வளைவுல கொக்கி திரும்பறப்ப எர்த்து விட்டுப்போயிரும், பிரேக்கு புடிக்காது. பேட்டரில இருந்து அதுக்குன்னு தனியா ஒரு ஒயர் இழுத்துருங்க. சந்தேகமா இருந்தா வண்டிய மட்டும் கீழ கொண்டாங்க, நானே போட்டுத் தாரேன்."

"எங்க மாப்ளைக்கே பாடம் எடுக்கறயா நீயி" என்று மச்சான் சிரித்தார். நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவனைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அப்சர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்சம் திமிராகப் பேசியிருந்தால் நான் திட்டிவிட்டு அதோடு மறந்திருப்பேன். அவ்வளவு பணிவாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன். நீங்கள் கிரேனில் தூக்கி வைத்த வண்டியில் இப்போதும் பார்க்கலாம், ஒரு ஒயர் தொங்காது. தடித்த ஒயர் பிரேக்குக்குப் போகும் நீளத்துக்கு மட்டும்தான் இருந்தது. எர்த்துக்கு இன்னொரு நீளம் வேண்டுமென்றால் அப்சரிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும். சொன்னால், அண்ணன் நம்ம பேச்சைக் கேட்டுக்கொண்டார் என்று அவன் நினைப்பான். நான் சாக்கெட்டின் எர்த்தைப் பக்கத்திலேயே இரும்பைச் சுரண்டி முடுக்கி, பாடி எர்த்தாகவே விட்டுவிட்டேன். இருபத்தோரு வருஷமாகச் செய்கிற வேலை, கை தானாகவே அங்கே போனது என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கன்ட்ரோலர் பெட்டியில் ஒரு பச்சை லேம்ப் உண்டு. டிரெய்லர் பிரேக் சேர்ந்திருந்தால் எரியும், விட்டுப்போனால் அணையும். மறுநாள் டிரெய்லரை மாட்டி, சந்தைத் திடலில் நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போகும்போது லேம்ப் எரிந்தது, பிரேக்கும் கப்பென்று பிடித்தது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினேன். லேம்ப் அணைந்தது. மிதித்தேன், டிரெய்லர் பிடிக்கவில்லை. நேராக்கினால் எரிந்தது, திருப்பினால் அணைந்தது. திடலை எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. அப்சர் போனில் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டிருந்தது.

அப்போது மச்சான் டீக்கடைப் பக்கமிருந்து கையை ஆட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. கூட அந்த நாலு பேரில் இரண்டு பேர். நான் வண்டியைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு இண்டிகேட்டர் பல்பை எடுத்து, சாக்கெட்டுக்குப் பின்னால் பிரேக் ஒயருக்கும் பிக்கப்பின் இரும்புக்கும் நடுவில் சேர்த்து, டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன். பல்பு இழுக்கிற கரண்டைப் பார்த்து, டிரெய்லர் பிரேக் சேர்ந்திருக்கிறது என்று பெட்டி நம்பிக்கொள்ளும். கொக்கி திரும்பினாலும் லேம்ப் அணையாது. பிரேக் மட்டும் இருக்காது. அஞ்சு நிமிஷ வேலை.

தற்காலிகமாகத்தான் செய்தேன். அடுத்த வாரம் சேலத்திலிருந்து ஒயர் வரவழைத்து, யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். அதுவரை பாதி லோடு ஏற்றுங்கள் என்று மச்சானிடம் சொல்ல நினைத்தேன். அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து, திருப்பித் திருப்பி ஓட்டி, அணையாத லேம்ப்பைப் பார்த்துவிட்டு, "துபாய்க்காரன் என்னமோ சொன்னான், எங்க மாப்ள கையி எப்படி" என்று அந்த இரண்டு பேரிடமும் கேட்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு சார். பிரேக்கில் கை வைத்த மெக்கானிக், அந்த வண்டி முதல் தடவை மலை இறங்கும்போது டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, கூலியும் கிடையாது. அடிவாரத்தில் காரவள்ளியில் டிபன் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். நானும் எத்தனையோ வண்டிகளில் அப்படிப் போயிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் மச்சான் டிரெய்லரோடு கடை வாசலில் வந்து ஹாரன் அடித்தார். மிளகு மூட்டையும் மரவள்ளியும் விளிம்பு வரை ஏற்றிக் கயிறு போட்டிருந்தார். முழு லோடு.

வயிறு சரியில்லை என்றேன். "மொத எறக்கத்துக்கு நீ இல்லாம எப்படி மாப்ள" என்று அவர் யோசித்தார். திண்ணனூர் நாட்டுக் கருப்பண்ணன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நாமக்கல்லில் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். "பஸ்ஸுல நின்னுக்கிட்டே போவணுமாங்க, இதுல உக்காந்துக்குங்க" என்று நான்தான் கூப்பிட்டேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. கையைப் பிடித்து ஏற்றி, என் இடத்தில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டேன்.

நாற்பத்தோராவது வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு போனதை நீங்களே அளந்து எழுதியிருக்கிறீர்கள். பிக்கப்பின் பிரேக் காய்ந்து கருகியிருந்தது. தகவல் வந்ததும் முதலில் போன ஜீப்பில் நானும் இருந்தேன். நீங்கள் வருவதற்கு முன்னால், கவிழ்ந்து கிடந்த வண்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். மச்சானைத் தேடி அழுகிறான் என்று என்னைப் பிடித்து இழுத்தார்கள். அழுதுகொண்டுதான் இருந்தேன், அதில் பொய் இல்லை. பல்பு உடையாமல் கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு நீங்கள் விசாரித்தீர்கள். கன்ட்ரோலர் பெட்டி மட்டமான சாமான், என் வேலையில் குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அப்சரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள், கடைக்கு சீல் வைத்தீர்கள். அவன் மனைவி நசீபா ஒரு நாள் மலையேறி என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாடி எர்த் குடுக்காதீங்கன்னு அவரு போன்ல சொன்னாருல்லங்கண்ணே. அத மட்டும் சொன்னீங்கன்னாப் போதும். வேற எதுவும் நான் கேக்கல" என்றாள்.

"அப்படி எதுவும் ஞாபகம் இல்லீங்கம்மா" என்றேன். அன்று நின்று கேட்ட நாலு பேருக்கும் ஞாபகம் இல்லை. நான் அவர்களிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. எனக்காக அவர்களாகவே மறந்துவிட்டார்கள்.

அப்சருக்காகத்தான் இப்போது எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது நல்ல காரணம்தான், ஆனால் முழுக்க உண்மை இல்லை. அவன் உள்ளே இருந்த நாட்களிலும் நான் நன்றாகத் தூங்கினேன். என்னால் தாங்க முடியாமல் போனது அக்காவால்.

அன்று மச்சான் சோளக்காட்டில், இறக்கம் தொடங்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, எனக்குப் போன் செய்தது நீங்கள் எடுத்த போன் கால் பட்டியலில் இருக்கிறது. என்ன பேசினீர்கள் என்று கேட்டீர்கள். லேம்ப் விட்டு விட்டு எரிகிறது என்றார், அப்படியானால் இறங்க வேண்டாம் என்றேன், கேட்காமல் இறங்கிவிட்டார் என்று சொன்னேன். ஊர் முழுக்க அதுதான் இப்போது பேச்சு. அக்கா அவர் படத்துக்கு ஒரு முழம் பூ போடுவதில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் கருப்பண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அவர் மனைவி சுமித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்காரர் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாள். திரும்பி வரும்போது என் கடைக்கு வந்து எனக்குச் சோறு வைத்துவிட்டுப் போகிறாள்.

போன அமாவாசைக்கும் வந்தாள். "நீ அத்தனை தூரம் சொல்லியுங் கேக்கலையே கண்ணு. அந்த மனுசன் பிடிவாதத்துக்கு ரெண்டு ஊடு நாசமாப்போச்சு. உம் பேச்ச ஒரு தடவ கேட்டிருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு" என்றாள். நான் தட்டை ஒதுக்கி வைத்தேன். வெட்கமாக இருந்தது சார். நான் இரண்டு பேரைக் கொன்றவன் என்பது எனக்கு முன்பே தெரியும். அன்றைக்குத்தான் அது உடம்பில் உறைத்தது.

போனில் பேசியதை அப்படியே எழுதுகிறேன். லேம்ப்பைப் பற்றி மச்சான் குறையே சொல்லவில்லை.

"மாப்ள, லேம்ப்பு நல்லா எரியுது. ஆனா திருப்பத்துல மிதிச்சா டிரெய்லரு புடிக்கற மாதிரி இல்ல, முன்னாடி தள்ளுது. எனக்கென்னமோ மனசு ஒப்பல. பாதி மூட்டைய இங்க எறக்கி வெச்சுட்டுப் போகட்டுமா?"

கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. எறக்கி வையுங்கள் என்றாலே போதும், பல்பைப் பற்றிச் சொல்லக்கூட வேண்டியதில்லை. ஆனால் மூட்டையை இறக்கினால், ஏன் இறக்கினாய் என்று சோளக்காட்டில் நாலு பேர் கேட்பார்கள்.

"லேம்ப்பு எரியுதுல்லங்க மச்சான். எல்லாஞ் சரியா இருக்குது, தைரியமா எறங்குங்க" என்றேன்.

"சரி மாப்ள, நீ சொன்னாச் சரி" என்று போனை வைத்தார்.