மெதுவாப் போ என்றுதான் சொன்னேன்

பழைய காரில் ஹார்ன் அடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு ஹார்னில் இருக்காது, இன்ஸ்பெக்டர் அம்மா. ஸ்டீயரிங் நடுவில் உள்ள மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அதில் அழுக்கு ஏறியிருக்கும். உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் போதும். இது தெரியாமல் என் சிநேகிதன் ஆர்டன் ஷூல்ட்ஸ் குளிர்காலம் முழுக்க ஹார்னையே கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். நல்ல மனிதன். கைவேலை மட்டும் வராது.

நீங்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் பழைய கார் கிளப்பில் ஒரு சோதனை உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் தொழிற்சாலையை விட்டு வந்தபோது காரில் என்னென்ன வேலை செய்ததோ, அத்தனையும் இன்றும் வேலை செய்ய வேண்டும். கடிகாரம் ஓட வேண்டும், ரேடியோ பாட வேண்டும், சிகரெட் லைட்டர் சிவக்க வேண்டும். நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒன்று தவறினால் எல்லாம் தவறியதுதான். பாகங்களும் அந்த வருஷத்து முத்திரையோடு இருக்க வேண்டும். புதிதாக வாங்கி மாட்டினால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். ஒரு காருக்கு மூன்று வாய்ப்பு, அதோடு சரி.

முதல் தடவை என் காரில் கடிகாரம் நின்றுபோனது. இரண்டாம் தடவை முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுவதற்குப் பதிலாக எச்சில் மாதிரி வழிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்டன் சிரிக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஜெனீன் என்னை விட்டுப் போனது அந்த இரண்டாம் தடவைக்குப் பிறகுதான். "கடிகாரம் ஓடுதான்னு தினம் காதை வெச்சுக் கேக்கறியே லைல், நான் மூச்சு விடறேனான்னு ஒரு நாள் கேட்டிருக்கியா?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் அப்போது என் கையெல்லாம் கிரீஸ், அவள் பெட்டியைத் தன் காரில் ஏற்றி முடித்திருந்தாள். அதன்பின் வீட்டில் என் பழைய கார் ஒன்றுதான் மிச்சம். இதுவும் போனால் நான் எதற்காக விடிந்ததும் எழுந்திருப்பது என்று எனக்கே தெரியவில்லை. சோறு தண்ணீர் இறங்கவில்லை. கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, காரின் சக்கரத்தில் தலையைச் சாய்த்து அழுதிருக்கிறேன். வயது அறுபத்தொன்று எனக்கு.

அந்த நிலைமையில்தான் பிரேக் பெடல் இறங்கத் தொடங்கியது.

காலை எடுக்காமல் மிதித்தபடியே இருந்தால் மெல்ல மெல்லத் தரைக்குப் போய்விடும். பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே அரித்துவிட்டது. இரண்டு தடவை விட்டு விட்டு மிதித்தால் பிடிக்கும், விஷயம் தெரிந்தவனுக்கு ஆபத்தே இல்லை. ஆனால் நடுவர் மிதித்தபடியே நிற்கச் சொல்வார். பழுது பார்க்க அனுப்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். அதே வருஷத்து, அதே மாதத்து முத்திரையோடு இன்னொரு சிலிண்டர் இந்த வட்டாரத்தில் ஓரிடத்தில்தான் இருந்தது. ஆர்டன் காரில்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்திருப்பான். அதுதான் சிக்கல். இன்னொரு உறுப்பினரின் காரிலிருந்து கடன் வாங்கிய பாகத்தோடு வந்தால் எங்கள் கிளப்பில் இருவரையும் விலக்கிவிடுவார்கள். ஆர்டனுக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். அப்படியொரு தர்மசங்கடத்தில் அவனை மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

சோதனைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, ஹார்னைப் பார்க்க ஆர்டன் வீட்டுக்குப் போனேன். அவனும் அவன் மனைவி நெட்டியும் மீன் வறுவல் விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் வாயேன்டா லைல். நெட்டி உனக்கும் சேர்த்து இடம் சொல்லி வெச்சிருக்கா," என்றான் ஆர்டன்.

"நீங்க போங்க. நான் ஹார்னைப் பாத்து முடிச்சிடறேன்."

"அது மட்டும் அடிச்சிடுச்சுன்னா, சிலையே வெக்காத லூத்தரன் சர்ச்சா இருந்தாலும் பரவாயில்ல, உள்ள உனக்கு ஒரு சிலை வெக்கச் சொல்றேன்."

நெட்டி அவர்களுடைய இன்னொரு காருக்குள்ளிருந்து, "முதல்ல அவருக்குச் சாப்பாடு போடு, சிலை அப்புறம் வெக்கலாம். ஆளு எலும்பும் தோலுமா நிக்கறாரு பாரு," என்றாள்.

ஹார்னுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மிச்ச நேரத்தில் அவன் சிலிண்டரை என் காருக்கும், என்னுடையதை அவன் காருக்கும் மாற்றினேன். ஒழுங்காகச் செய்தேன், ஒரு சொட்டு எண்ணெய் தரையில் சிந்தவில்லை. திருட்டு என்று நீங்கள் சொல்லும் சொல் எனக்குப் பொருந்தவில்லை. ஒன்றை எடுத்தேன், ஒன்றைக் கொடுத்தேன். சனிக்கிழமை சோதனை முடிந்ததும் ஞாயிறு போய்த் திரும்ப மாற்றிவிடுவதாக இருந்தேன். விருந்து முடிந்து வந்தவனிடம், "ஞாயித்துக்கிழமை வந்து இன்னொரு தடவை பாக்கறேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதே," என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினான். வாக்குத் தவறியது அவன்.

சனிக்கிழமை கண்காட்சி மைதானத்தில் என் முறை வந்தது. நடுவர் வாலஸ் முத்திரைகளைப் பார்த்து முடித்து, முன்மூடியைச் சாத்தினார். அப்போது என் போன் அடித்தது. ஆர்டன்.

"லைல், ஹார்ன் என்னமா அடிக்குதுடா! பசு மாடெல்லாம் திரும்பிப் பாக்குது. கொட்டகைல வெச்சுப் பூட்ட மனசே வரல. நெட்டியக் கூட்டிக்கிட்டு ஆத்தோரக் கடையில ஆப்பிள் பை சாப்பிடப் போறேன்."

ஆற்றங்கரைக்குப் போக வேண்டுமென்றால் மலைச்சாலை வழியாகத்தான் இறங்க வேண்டும். உங்களுக்கும் அந்தச் சாலை தெரியும். கடைசி வரை காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க முடியாது.

'ரெண்டு தடவை விட்டு விட்டு மிதி' என்று சொன்னால் போதும். வாய் வரை வந்தது. போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாலஸ் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தார். ஏன் என்று ஆர்டன் கேட்பான், நான் சொல்ல வேண்டியிருக்கும், வாலஸ் காதில் விழும். மூன்றாவது வாய்ப்பு அங்கேயே, கார் நகரும் முன்பே முடிந்துவிடும்.

"மெதுவாப் போ," என்றேன்.

"உன்ன மாதிரி கிழவன் ஓட்டற மாதிரியா? சரிடா, சரிடா," என்று சிரித்தான்.

ஆகவே நான் எச்சரிக்கவில்லை என்பது சரியல்ல, அம்மா.

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கடிகாரம் ஓடியது. லைட்டர் சிவந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகப் பீய்ச்சியது. மேட்டில் நிறுத்தி, "மிதிச்சே வெச்சிருங்க," என்றார் வாலஸ். பெடல் கல்லு மாதிரி நின்றது. "இந்தக் கிளப்புல இப்படி ஒரு பெடலை நான் பாத்ததில்லை," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்போது ஆர்டனும் நெட்டியும் மலையில் பாதி தூரம் இறங்கியிருப்பார்கள். அந்த நிமிடம் எனக்கு அவர்கள் நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அவர்களைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு வாதம் ஒன்றும் இல்லை.

அடிவாரத்துப் பால்பண்ணைக்காரர் சொன்னதை நீங்கள் சொன்னபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மேல்வளைவிலிருந்து பாறையில் மோதும் வரை ஹார்ன் சத்தம் ஓயவே இல்லை, யாரோ விடாமல் அழுத்திக்கொண்டே வந்தார்கள் என்று. நான் உடைந்துபோவேன் என்று காத்திருந்தீர்கள் போல. எனக்குத் தோன்றியது வேறு. அவ்வளவு தூரம், ஒரு இடத்தில்கூடத் திக்காமல் அடித்திருக்கிறது. எந்த நடுவரும் அதில் குறை சொல்ல முடியாது.

பிரேக்கைப் பற்றி எழுதும்போது அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. அந்த ஹார்னைச் சரி செய்து கொடுத்தது நான்.