மழைக்காலமே மாண்புமிகு காலம்

நம் சலவைத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! தேய்ப்பு மேசையருகே நின்று நின்றே முழங்காலைத் தேய்த்துக்கொண்ட மூத்தோரே! ஊர் அழுக்கையெல்லாம் உள்ளங்கையால் ஓட்டிய தாய்மார்களே! முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியே! மூச்சுள்ளவரை மறவாத என் முதல் வணக்கம்.

இவ்வாண்டுச் சுற்றுலாவுக்குத் தீவுக்குப் போக எது சிறந்த பருவம்? இதுதானே இன்றைய வழக்கு? "கோடைதான்" என்கிறார் பயண ஏற்பாட்டாளர். சென்ற ஆண்டும் அதைத்தானே சொன்னார்! நம்பிப் போனோமே, நடந்தது என்ன?

படகை விட்டு இறங்கினோம். கண் கூசும் வெயில், கரையெங்கும் காற்று. கடலைப் பார்த்தவர் யார்? கை தூக்குங்கள்! ஒருவருமில்லை. நம் தலைவர் வானத்தைப் பார்த்தார். "அடடா, என்ன வெயில்யா! போர்வைகூடப் பொசுக்குன்னு காஞ்சிடும். இதப் போயி வீணாக்கலாமா?" என்றார். அவ்வளவுதான்! தென்னைக்குத் தென்னை ஏறியது கொடி. உடுத்தியதைத் துவைத்தோம், பெட்டியில் மடித்ததைத் துவைத்தோம், விடுதியின் திரைச்சீலையையாவது விட்டோமா? மற்ற பயணிகள் மூட்டையோடு வந்து வரிசையில் நின்றார்களே! சிரிக்காதீர்கள் தலைவரே, கொடி கட்டியது நீங்கள், கிளிப் மாட்டியது நான்!

கடலில் கால்கூட நனைக்காமல் திரும்பிய என் மனைவி இப்போது சொல்லிவிட்டார்: "வெயில் காலம்னா என்னை விட்டுடுங்க. மழைக்காலம்னா வர்றேன்."

என்னய்யா அங்கே, பின்வரிசையில்? மழையில் போய் என்னத்தைப் பார்ப்பது என்றா? நானும் அதையேதான் கேட்டேன். அவர் சொன்னார்: "கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு மழையக்கூட நான் நின்னு பாத்ததில்லீங்க. தூறல் விழுந்தாலே கொடிக்குத்தான் ஓடியிருக்கேன். எடுக்கறதுக்கு ஒரு துணியும் இல்லாத எடத்துல, ஒரு தடவையாவது ஆசை தீர நனையணும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, தோழர்களே! எத்தனை மழை பெய்தது, எத்தனை மழையில் நம் வீட்டுப் பெண்கள் ஓடினார்கள்! ஒரு முறை, ஒரே ஒரு முறை, இவர்களை நிற்க விட்டோமா? கோடை யாருக்கு வேண்டும்? மழைக்காலத்துக்குக் கை தூக்குங்கள்! அப்படி! அங்கேயும், இங்கேயும், அட, தலைவர் இரண்டு கையையும்...

ஐயையோ, இடி! தூறல் தொடங்கிவிட்டதே! வெளியே கொடி நிறையத் துணி காய்கிறதே! தாய்மார்களே, எங்கே எழுகிறீர்கள்? உட்காருங்கள்! ஆண்கள் மட்டும் ஓடுங்கள்! தலைவரே, மாலையைக் கழற்றிவிட்டுக் கூடையை எடுங்கள்! நீ வாசல்ல நின்னு பாரும்மா, இன்னைக்குத் துணிய நான் எடுக்குறேன்! செவி கொடுத்தோர்க்கு நன்றி, கொடிக்கு ஓடுவோர்க்கு இருமடங்கு நன்றி, வணக்கம்!