மாதிரிச் செயலியைத் தனிக்குடித்தனம் வைத்த அக்காவுக்கு

பிழையைப் பிறப்பிலேயே பிடிக்கும் பெருந்தகையே! பில்டு பிரிவின் பேரரசியே! எங்கள் அன்பையும் அச்சத்தையும் ஒருங்கே பெற்று, இன்று பணி ஓய்வும் பெறும் பொட்டலம் அக்கா அவர்களே! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக நாங்கள் எழுதிக் குவித்த நிரல்களையெல்லாம் 'பில்டு' என்ற பெயரில் ஜாவா பொட்டலங்களாகக் கட்டி, வாடிக்கையாளர் கைக்கு வழுவின்றி வழங்கிய வல்லமை தங்களுடையது. வாடிக்கையாளர் தம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரியும் அதன் நீட்சிகளும் ஒரு பொட்டலம், அவற்றைப் பயன்படுத்தும் விதத்தைக் காட்டும் மாதிரிச் செயலி வேறு பொட்டலம் என்பதே தங்கள் கொள்கை. ஒன்றாகக் கட்டினால் வேலை மிச்சமென்று நாங்கள் முணுமுணுத்தோம். "சட்டை வாங்கினா கடை பொம்மையையும் சேர்த்தா தூக்கிட்டு வருவீங்க?" என்று கேட்டீர்கள்.

எட்டாண்டுகளுக்கு முன், தாங்கள் விடுப்பெடுத்த ஒரே வாரத்தில், எங்களில் ஒருவன் அந்தப் பொம்மையையும் தூக்கிவந்துவிட்டான். அவசரத்தில் மாதிரிச் செயலியை நீட்சிகளின் பொட்டலத்துக்குள்ளேயே திணித்து அனுப்பினான். மறுநாள் காலை ஒரு மருத்துவமனையின் அழைப்புப் பலகையில் அந்தச் செயலியின் மாதிரி நோயாளிப் பட்டியல் தானாக ஓடத் தொடங்கியது. "நோயாளி அஅஅ, மூன்றாம் அறைக்கு வரவும்" என்று அது ஓயாமல் கூப்பிட, உண்மை நோயாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஓடோடி வந்தீர்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டையும் பிரித்தீர்கள். மாதிரிச் செயலிக்குத் தனி வீடு, தனி பில்டு. மீண்டும் உள்ளே நுழைந்தால் பில்டே நின்றுவிடும்படி ஒரு காவலும் போட்டீர்கள். அந்தக் காவல் இதுவரை எங்களைப் பதினேழு முறை காப்பாற்றியிருக்கிறது.

மேலாளர் கொதித்துப் போயிருந்தார். "யார் பண்ணது? பேரைச் சொல்லுங்க, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!"

பெயர் தங்களுக்குத் தெரியும். பில்டு பதிவிலேயே இருந்தது. "பில்டு என் பொறுப்பு சார். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க," என்றீர்கள். தங்களை அனுப்ப யாருக்குத் துணிவு வரும்? ஆனால் அவ்வாண்டு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றித் தாங்கள் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அந்த ஒருவன் வீட்டில் அப்போது கைக்குழந்தை.

அலாரம் அடிக்காத காலைகளும், அயராத கால்களும், அருகிலேயே அன்பு மக்களும் பெற்று, தாங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ்க!

எல்லோர் பெயரிலும் எழுதச் சொன்ன மடல் இது. ஒரு வரிக்கு மட்டும் நண்பர்கள் பொறுத்தருள்க, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் ஐயாவும் அறிக: அன்று அதைத் திணித்தவன், இதை வாசித்துக்கொண்டிருக்கும் நான்தான்.

இப்படிக்கு,
தங்களால் வேலை பிழைத்தவனும்
நம் அலுவலகப் பணியாளர் அனைவரும்