மூணாவதா வர்ற பிளேன்

— அந்தா பாருங்க சம்பந்தி, மூணாவதா வருதுல்ல பிளேனு, அதுதான் எம்மகன் ஆனந்த்ராஜ்!

— ஏனுங்க அந்தோணிராஜ், எல்லாம் ஒரே மாதிரி தெரியுதுங்களே.

— பெத்தவனுக்குத் தெரியாதா? நம்ம மாதா கோயில் திருவிழான்னு கொடிமரத்துக்கு நேரா விடுறான் பாருங்க.

— மதுரையில சாகசம் காட்டப் போறாங்கன்னுல்ல பேப்பர்ல போட்டிருந்துச்சுங்க.

— பஸ்ஸோ பிளேனோ, மதுரைக்குப் போறதுன்னா நம்ம செம்பட்டி வந்துதான போகணும்!

— ஐயோ, தலைகீழாப் போகுதுங்க!

— நம்ம பயதான். தொட்டில்லயே அப்படித்தான் கெடப்பான்.

— ஏங்க, போதும் விடுங்க. சாமியாரே மைக்கப் போட்டுட்டுப் பந்தலுக்குள்ள ஓடிட்டாரு. நம்ம வெள்ளாட்டையும் காணோம்.

— நீ சும்மா இரு லூர்து. அப்ப சம்பந்தி, நிச்சயத்த எப்ப வச்சுக்கிருவோம்?

— மன்னிச்சுக்கோங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க.

— என்னது?

— எங்க ஆயக்குடியில கொய்யா மரம் ஏறுறவனுக்கே பொண்ணு குடுக்க யோசிப்பேனுங்க. இவரு ஆகாசத்துல தலைகீழாத் தொங்குறாரு. எம்பொண்ணு தெனமும் மேல பாத்துக்கிட்டே ஜெபமாலை உருட்டோணுமுங்களா?

— ஐயோ பாக்கியராஜ் அண்ணே, அவன் பிளேனே ஓட்டலண்ணே! பின்னாடி புகை வருதுல்ல, அதுக்கு எண்ணெய் ஊத்துறவன்!

— ஏய் லூர்து!

— வாய மூடுங்க, எல்லாம் நீங்க பீத்துனதுதான். ராட்டினத்துல ஏறுனாலே வாந்தி எடுப்பாண்ணே அவன்.

— சம்பந்தம் போயிருமின்னு இப்ப மாத்திப் பேசறீங்களா?

— செத்த இருங்க, செல்லு அடிக்குது. அவனேதான். ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களே கேளுங்க.

— அம்மா, பிளேனு வந்துருச்சா? புகை வெள்ளையா வருதா? நடுவுல நின்னுச்சுன்னா என்னையத்தான் வைவாங்க.

— நல்லா வருதுப்பா, இன்னும் தலைக்கு மேலதான் சுத்துது. நீ எங்கய்யா இருக்க?

— நானா? கீழதான். வடை தின்னுக்கிட்டிருக்கேன்.

— கேட்டீங்களாண்ணே?

— கேட்டேனுங்க. அப்பாடா, இப்பத்தான் மூச்சே வருது. பூமியில நிக்கிற மாப்பிள்ளதான் எனக்கு வேணுமுங்க.

— அப்ப நிச்சயம் உண்டுல்ல சம்பந்தி?

— உண்டுங்க. ஆனா நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன். எம்பொண்ணு இசைவாணி இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல டீச்சருன்னு சொன்னேனில்லீங்க?

— ஆமா, ஊரு பூராச் சொல்லியாச்சு!

— அது டீச்சர் இல்லீங்க, அந்தப் பள்ளிக்கூடத்து வேனை ஓட்டுது. மாப்பிள்ளைக்கு வாந்தி வராம மெதுவா ஓட்டச் சொல்றேனுங்க.